தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவைப் போலப் பொம்மைக்கு உடுத்த வேண்டும், எந்தப் பொம்மை வாங்குவது?

கூடலூர்_மழை (பிப்ரவரி 4, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இந்தப் பொம்மைத் தையல் மன்றத்தில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

பிறந்து வளர்ந்தது சேரம்பாடிப் பக்கம். இப்போது குன்னூரில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பத்தா கொழுந்து பறித்தார், அம்மா முப்பது வருடத்துக்கு மேலாகப் பறிக்கிறார். வரும் ஜூன் மாதம் அம்மா வேலையிலிருந்து நிற்கிறார். அவருக்கு அவரையே ஒரு பொம்மையாகச் செய்து கையில் கொடுக்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கும் தேயிலைக்காரப் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் சிவப்புப் பாவாடை, தலையில் பூ, முதுகில் குட்டிக் கூடை. அம்மா ஒரு நாளும் அப்படிக் காட்டுக்குப் போனதில்லை. பழைய நூல் சேலையைக் கெண்டைக்கால் தெரியத் தூக்கிச் செருகியிருப்பார். உள்ளே ஸ்வெட்டர், அதற்குமேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை. இடுப்பைச் சுற்றிப் படங்கு என்கிற சாக்குத் துணி. தலையில் துண்டு. அட்டை ஏறாமலிருக்க ரப்பர் பூட்ஸ். முதுகில் இப்போதெல்லாம் நைலான் பைதான். இதை அப்படியே செய்ய வேண்டும்.

திருவிழாக் கடையில் நூறு ரூபாய்க்கு ஒரு பொம்மை வாங்கிப் பார்த்தேன். உடம்பு உள்ளே காற்றுதான். சேலையைச் சுற்றிச் செருகியதும் இடுப்பு நசுங்குகிறது, கால் இரண்டும் கவை மாதிரி விரிகிறது. சட்டையைப் போடும்போது தலை கழன்று வந்துவிட்டது. நல்ல பொம்மை எது என்று சொல்லுங்கள். ஒரே ஒரு பொம்மைதான் வாங்க முடியும்.

தையல்பெட்டி (பிப்ரவரி 4, இரவு 11.15)

வாங்க தங்கச்சி. நான் ஊட்டி. பதினாறு வருடமாகப் பொம்மைக்குத் தைக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

முகத்தைப் பார்த்துப் பொம்மை வாங்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அது. முகத்தை அழித்து வரையலாம், தலைமுடியை மாற்றலாம், தலையையே கழற்றி வேறு மாட்டலாம். உடம்பை ஒன்றும் செய்ய முடியாது. துணியைத் தாங்கப்போவது உடம்புதான். அதனால் முதலில் துணி என்னென்ன என்று முடிவு செய்யுங்கள், அந்தத் துணிகளுக்கு ஏற்ற உடம்பைத் தேடுங்கள், முகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பார்பி அளவுப் பொம்மை பதினொன்றரை அங்குலம், ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். மனித அளவில் ஆறில் ஒரு பங்கு என்று கணக்கு வைப்போம். ஐந்தரை மீட்டர் சேலையை ஆறால் வகுத்தால் 92 சென்டிமீட்டர். அகலம் 19 சென்டிமீட்டர் வரும். ஒரு அங்குலக் கரை அரை சென்டிமீட்டர்கூட வராது. இதெல்லாம் வகுத்தல் கணக்கு, சுலபம். சிக்கல் எங்கே என்றால், துணியின் பருமன் வகுபடாது. சாதாரண நூல் சேலை கால் மில்லிமீட்டர் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பொம்மைக்குச் சுற்றினால், நம் உடம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் பருமனுள்ள ஜமக்காளத்தைச் சேலையாகக் கட்டிய மாதிரி. எட்டுக் கொசுவம் வைத்தால் வயிற்றில் ஒரு மூட்டை நிற்கும். கனமும் அப்படித்தான். சின்னத் துண்டுக்குக் கீழே இழுக்கும் எடை இல்லை, அதனால் விழாமல் விறைத்துக்கொண்டு நிற்கும்.

பார்பியின் இடுப்பு ஏன் அவ்வளவு ஒட்டி இருக்கிறது என்று நிறையப் பேர் சண்டை போடுகிறார்கள். 1959 மார்ச்சில் அது நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் வெளியான காலத்திலிருந்தே இந்தப் பேச்சு உண்டு. தைக்கிறவள் என்ற முறையில் நான் சொல்வது, அந்த ஒட்டிய இடுப்பில்தான் பாவாடை நாடாவும் கொசுவமும் சட்டை மடிப்பும் போய் உட்கார இடம் கிடைக்கிறது. நான்கு சுற்றுத் துணி ஏறினால்தான் அது மனுஷி இடுப்பாகத் தெரியும்.

உங்களுக்கு என் யோசனை, பார்பியில் 'மேட் டு மூவ்' என்று வரும் உடம்பு. 22 இடத்தில் மூட்டு. முழங்கை மடங்கும், மணிக்கட்டு திரும்பும், கணுக்கால்கூட அசையும். கொழுந்து கிள்ளுகிற கை வேண்டுமென்றால் இதைத் தவிர வேறு வழியில்லை. விலை கொஞ்சம் கூடுதல்தான். நிறம் பல வகையில் வருகிறது, அம்மாவின் நிறத்துக்குப் பக்கத்தில் பார்த்து எடுங்கள். 2016இல் குட்டை, நெட்டை, பருமன் என்று மூன்று புது உடல்வாகு கொண்டுவந்தார்கள். அம்மா பருமனான உடம்பா?

கூடலூர்_மழை (பிப்ரவரி 5, காலை 6.20)

அக்கா, ரொம்ப நன்றி. வேலைக்குக் கிளம்பும் முன்னால் இரண்டு தடவை படித்துவிட்டேன். அம்மா ஒல்லி. ஐந்தடிதான் உயரம். அதனால் குட்டை உடம்பு எடுக்கலாமா?

தையல்பெட்டி (பிப்ரவரி 5, காலை 10.05)

வேண்டாம். உயரத்தைப் பக்கத்தில் இருக்கும் பொருள்தான் சொல்லும். பையையும் பூட்ஸையும் கொஞ்சம் பெரிதாகச் செய்தால் ஆள் தானாகக் குட்டையாகத் தெரிவாள். சட்டை அப்பாவுடையது என்கிறீர்கள், அதைத் தோள் இறங்கி, கை நீண்டு, மடித்துவிட்டதாகத் தைத்தால் போதும். ஒல்லியான ஆளுக்கு வழக்கமான உடம்புதான் சரி. ஸ்வெட்டர், சட்டை, படங்கு எல்லாம் ஏறினபிறகு ஒல்லி என்பது எங்கே தெரியப்போகிறது? கழுத்திலும் மணிக்கட்டிலும்தான்.

கோத்தகிரி_மரப்பாச்சி (பிப்ரவரி 5, மாலை 4.30)

வயதானவள் குறுக்கே பேசுகிறேன். எங்கள் வீட்டில் செஞ்சந்தன மரப்பாச்சி ஜோடி ஒன்று இருக்கிறது, என் மாமியார் கல்யாணத்தில் வந்தது. நவராத்திரிக்கு நவராத்திரி அதற்குப் புதுத்துணி கட்டி முதல் படியில் வைப்பேன். மூட்டும் கிடையாது, கையும் உடம்போடு ஒட்டியிருக்கும். ஆனாலும் சேலை கட்டினால் என்ன அழகாக நிற்கும் தெரியுமா! காரணம் மரம். துணி அதன்மேல் வழுக்காது, இறுக்கிக் கட்டினாலும் நசுங்காது, கனமாக இருப்பதால் சாயாது.

இந்த பிளாஸ்டிக் பொம்மையில் பாவாடையும் சேலையும் வழுக்கும். நான் என் பேத்தியின் பொம்மைக்குக் கட்டும்போது கற்றுக்கொண்டது ஒன்று சொல்கிறேன். இடுப்பில் முதலில் ஈரமான மல் துணிப்பட்டி ஒன்றை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, காயவிட்டு, ஊசிபோட்டு முடிந்துவிடுங்கள். அது மரப்பாச்சியின் மரம் மாதிரி பிடிப்புக் கொடுக்கும். அதன்மேல் செருகினால் சேலை நகராது. பாவாடையே வேண்டாம்.

சேலைக்குக் கடையில் துணி தேடாதீர்கள். துவைத்துத் துவைத்து நைந்த மல் வேட்டி இருக்கும் பாருங்கள், அதுதான். புதுத்துணியில் கஞ்சி போகவே பத்துத் துவைப்பு ஆகும்.

தையல்பெட்டி (பிப்ரவரி 5, மாலை 5.10)

அம்மா, அந்த ஈரப்பட்டி விஷயம் எனக்கே புதிது. இன்றைக்கே செய்து பார்க்கிறேன்.

கொடை_கம்பளி (பிப்ரவரி 6, மதியம் 1.45)

கொடைக்கானலிலிருந்து. ஸ்வெட்டர் பின்னுவது என் தொழில், பொம்மை ஸ்வெட்டர் என் ஆசை. எனக்குப் பிடித்த பொம்மை பிளைத். 1972இல் வந்தது, தலைக்குப் பின்னால் கயிறை இழுத்தால் கண் நிறம் மாறும். ஆனால் இந்த வேலைக்கு அதைச் சொல்லமாட்டேன். தலை பெரிது, உடம்பு சின்னக் குழந்தை மாதிரி. துண்டு கட்டினால் பூசணிக்காய்க்குத் துண்டு கட்டியது போல ஆகிவிடும், முதுகில் பை மாட்டினால் பின்னால் சாயும். ஜப்பானின் லிக்காவும் (1967 முதல் வருகிறது) அழகுதான், 22 சென்டிமீட்டர் சிறுமி அவள். உழைத்த அம்மாவின் உடம்பு அதில் வராது.

இப்போது ஸ்வெட்டருக்கு வருகிறேன். பின்னுவதென்றால் ஒன்றரை மில்லிமீட்டர் ஊசி, குழந்தை ஸ்வெட்டருக்கான மெல்லிய நூலைப் பிரித்து ஒற்றை இழையாக எடுக்க வேண்டும். ஊசிக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், உங்கள் குன்னூர் பக்கத்துக் கேத்தியில் 1949 முதல் ஊசி செய்கிறார்கள், நான் கொடையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊசியில்தான் பின்னுகிறேன். கழுத்திலிருந்து கீழே இறங்கிப் பின்னுங்கள், போட்டுப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஸ்வெட்டருக்கு மேலே சட்டை வருகிறது. எவ்வளவு மெல்லியதாகப் பின்னினாலும் பின்னல் பருமன்தான். சட்டை மூடாது. அதனால் பழைய காலுறை ஒன்றை எடுங்கள். ஆண்கள் அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய காலுறை. அதன் பின்னல் அவ்வளவு நெருக்கம், பொம்மை மேல் பார்த்தால் மெஷின் ஸ்வெட்டர் அப்படியே. காலுறையின் மேல்வாய்ப் பட்டையை ஸ்வெட்டரின் கீழ்ப்பட்டையாக வையுங்கள், ஓரம் மடிக்கும் வேலையும் மிச்சம்.

தையல்பெட்டி (பிப்ரவரி 6, மதியம் 2.30)

இதையே நான் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். உள்ளே மறைகிற எதையும் தைக்க வேண்டாம். சட்டைக் கழுத்தில் ஸ்வெட்டர் கழுத்துப்பட்டி மட்டும், கை முனையில் கொஞ்சம், கீழே ஒரு பட்டை. மூன்றையும் சட்டைக்கு உட்புறமாகவே தைத்துவிடுங்கள். பார்க்கிறவர்களுக்கு ஸ்வெட்டர் இருப்பதாகத் தெரியும், பருமனும் ஏறாது. பொம்மைத் தையலில் பாதி இந்த வேலைதான்.

கூடலூர்_மழை (பிப்ரவரி 6, இரவு 10.20)

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இது மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அம்மா கையில் எந்தத் துணியைக் கொடுத்தாலும் உள்ளே புரட்டித்தான் பார்ப்பார். நான் தைத்த ரவிக்கையைக்கூட முதலில் உள்பக்கம் பார்த்துவிட்டுத்தான் போடுவார். அவருக்குக் கொடுக்கும் பொம்மையில் இல்லாததை இருப்பதாகக் காட்ட மாட்டேன். காலுறை ஸ்வெட்டரை முழுதாகவே தைக்கிறேன்.

பொம்மை ஆர்டர் போட்டுவிட்டேன். மேட் டு மூவ், மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதல் கறுப்பு.

தையல்பெட்டி (பிப்ரவரி 6, இரவு 10.50)

கோபம் எதற்கு? அம்மாவைத் தெரிந்தவள் நீங்கள். முழுதாகவே தையுங்கள். அப்படியென்றால் சட்டையை மெல்லிய கேம்பிரிக்கில் வெட்டுங்கள், பாப்ளின் வேண்டாம். கட்டமோ கோடோ எடுத்தால் இரண்டு மில்லிமீட்டருக்குமேல் போகக்கூடாது. பழைய கைக்குட்டையில் நல்ல கோடு கிடைக்கும்.

கூடலூர்_மழை (பிப்ரவரி 13, மாலை 6.00)

பொம்மை வந்துவிட்டது! கை கால் மடங்குவதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் முடி மஞ்சள் கலந்த பழுப்பு, உதட்டில் ரோஸ் சாயம், கண் இமையில் மினுமினுப்பு. அம்மாவுக்கு நரை விழுந்த முடி, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை. இதற்கு என்ன வழி?

தையல்பெட்டி (பிப்ரவரி 13, இரவு 8.15)

இரண்டு வழி. ஒன்று, கறுப்பு முடியுள்ள சாதாரணப் பொம்மை ஒன்றின் தலையை இந்த உடம்பில் மாட்டுவது. தலையைச் சுடுதண்ணீரில் இரண்டு நிமிடம் முக்கினால் வினைல் இளகும், அப்புறம் கன்னத்தை அமுக்கிப் பிடித்து மெதுவாக ஆட்டி எடுக்கலாம். குளிர்ந்த தலையை இழுத்தால் கழுத்துக்குள் இருக்கும் முளை உடையும். நம் ஊர்க் குளிரில் ஜனவரியில் கல் மாதிரி இருக்கும், இளக்காமல் கை வைக்காதீர்கள். தலை நிறமும் உடம்பு நிறமும் ஒத்துவர வேண்டும் என்பதுதான் பெரிய தொல்லை. கழுத்தில் கோடு விழுந்தால் என்ன செய்தாலும் மறையாது.

இரண்டாவது வழி, இதே தலையில் முடியைப் பிடுங்கிவிட்டு வேறு முடி நடுவது. தலைத்துண்டு கட்டப்போகிறீர்கள் இல்லையா? அப்படியென்றால் நெற்றியோரம் இரண்டு வரிசையும் பின்கழுத்தில் இரண்டு வரிசையும் நட்டால் போதும். கறுப்பு நைலான் முடியில் பத்துக்கு இரண்டு வெள்ளை இழை கலந்து நடுங்கள். இது ஏமாற்று இல்லை தங்கச்சி, துண்டு கட்டினால் நமக்கே முடி தெரிவதில்லை!

முடி படிய வேண்டுமென்றால் சீவி, நூலால் இறுக்கிச் சுற்றி, சுடுதண்ணீர் ஊற்றி, உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். நைலானுக்கும் சாரன் என்கிற செயற்கை முடிக்கும் இது சரி. கேனகலான் வகை முடிக்கு இவ்வளவு சூடு ஆகாது, சுருண்டு கருகின மாதிரி ஆகிவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சமவெளிக்காரர்கள் சொல்லும் அளவுக்கு முடி பொசுங்கும் பயம் நமக்கு இல்லை. ஆனால் பாத்திரத்திலிருந்து எடுத்துப் பொம்மைக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிடும், அடுப்புப் பக்கத்திலேயே வைத்துச் செய்யுங்கள்.

முகம்_வரைபவன் (பிப்ரவரி 14, காலை 7.30)

அக்கா சொன்னதோடு முகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நான் கொடைக்கானல் பக்கம் பண்ணைக்காடு.

தொழிற்சாலைச் சாயத்தை நகப்பூச்சு நீக்கி தொட்ட பஞ்சால் துடைக்கலாம். தலை மெத்தென்ற வினைல், அது தாங்கும். உடம்பு கெட்டிப் பிளாஸ்டிக், அசிட்டோன் ஒரு சொட்டு விழுந்தாலும் இளகிப் பள்ளமாகிவிடும். அதனால் தலையைக் கழற்றி வைத்துத் துடையுங்கள்.

அடுத்தது பூச்சு. வரையும் முன்னும் பின்னும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடிக்க வேண்டும், அப்போதுதான் பென்சிலும் பொடியும் பிடிக்கும். நம் மலைகளில் எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். காற்றில் ஈரம் இருந்தால் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். முகமெல்லாம் சாம்பல் பூசியது போல. என் முதல் மூன்று முகமும் அப்படித்தான் போயின. மேகம் இறங்கும் நேரத்தில் தொடவே கூடாது. இப்போது பிப்ரவரி, நல்ல காலம். காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் வெயிலில் தலையைக் கொஞ்சம் சூடாக வைத்து, மெல்லிய பூச்சாக அடியுங்கள். அக்டோபரில் குன்னூரில் இருந்துகொண்டு கேட்டிருந்தால் பிப்ரவரி வரை பொறுங்கள் என்றிருப்பேன்.

அம்மா முகம் வரையும்போது சுருக்கம் நிறையப் போடாதீர்கள். கண்ணோரம் இரண்டு கோடு, மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு, அவ்வளவுதான். வெயிலில் வேலை பார்த்தவர்களுக்குக் கன்ன மேட்டில் நிறம் ஒரு சாயல் கூடியிருக்கும். அதைப் பழுப்புப் பொடியில் தொட்டு வையுங்கள். சுருக்கத்தைவிட அதுதான் ஆளைக் காட்டும்.

எமரால்டு_ஏரி (பிப்ரவரி 14, மாலை 3.10)

அருமையான வேலை. ஒரு யோசனை, நீலகிரிப் பொம்மை என்பதால் தோளில் தோடர் பழங்குடியினரின் பூத்துக்குளிப் போர்வை ஒன்று போடலாமே? சிவப்பு கறுப்பு நூலில் குறுக்குத் தையல் போட்டால் அதே மாதிரி வந்துவிடும். படத்தில் எடுப்பாக இருக்கும்.

கூடலூர்_மழை (பிப்ரவரி 14, இரவு 9.00)

அம்மா பூத்துக்குளி போட்டதில்லையே. அது தோடர்களுடையது.

கோத்தகிரி_மரப்பாச்சி (பிப்ரவரி 15, காலை 11.00)

சரியாகச் சொன்னாய் பெண்ணே. நீலகிரி என்றால் எல்லாவற்றையும் ஒரே பொம்மையில் ஏற்றிவிடுவது நல்லதில்லை. நான் படுகர் வீட்டுக்காரி. எங்கள் பெண்கள் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை முண்டும் துண்டும் கட்டுவோம். என் பேத்தி பொம்மைக்கு அதைக் கட்டினபோது ஒருத்தர் ஜரிகை வைத்தால் அழகாக இருக்கும் என்றார். அழகாக இருக்கலாம், ஆனால் அது எங்கள் உடுப்பு இல்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தால்தான் பார்க்கிற எங்கள் ஆட்கள் தலையசைப்பார்கள்.

தையல்பெட்டி (பிப்ரவரி 15, மதியம் 12.20)

எமரால்டு தம்பி நல்ல மனதில்தான் கேட்டார். தொழில்முறையிலும் ஒன்று சொல்கிறேன். தோடர் பெண்கள் படம் வரைந்துகொண்டு தைப்பதில்லை. கெட்டி வெள்ளைத் துணியின் இழையை எண்ணி எண்ணி, பின்பக்கமிருந்து ஊசி போடுவார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. அந்த இழை எண்ணிக்கையை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கத் துணியே இல்லை. குறுக்குத் தையலில் போட்டால் வேறு ஏதோ ஆகிவிடும். தோடர் பொம்மை செய்யத்தான் வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால், அவர்கள் தைத்து விற்கும் சின்னப் பை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அந்தத் துண்டைப் பிரிக்காமல் அப்படியே போர்த்துங்கள். பூ வேலை பொம்மைக்குப் பெரிதாகத்தான் தெரியும், தெரியட்டும், அது அவர்கள் கை வேலை.

எமரால்டு_ஏரி (பிப்ரவரி 15, மதியம் 12.45)

புரிகிறது அக்கா. நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

கூடலூர்_மழை (மார்ச் 2, இரவு 10.30)

முகம் முடிந்தது. வார்னிஷ் பூக்கவில்லை. முகம்_வரைபவன் அண்ணா சொன்ன மாதிரி வெயிலில்தான் அடித்தேன். முடி நட்டு முடிக்க ஒன்பது இரவு ஆனது.

ஆனால் ஒரு கெடுதல் நடந்துவிட்டது. அம்மாவின் பழைய கரும்பச்சைச் சேலையில் ஓர் ஓரத்தைக் கிழித்துப் பொம்மைக்குக் கட்டி ஒரு வாரம் விட்டிருந்தேன். அவிழ்த்தால் தொடையெல்லாம் பச்சைக் கறை. கறையை எடுக்க வீட்டிலிருந்த நீலகிரித் தைலத்தைத் தொட்டுத் துடைத்தேன். கறை போகவில்லை, அந்த விரலோடு முகத்தைத் தொட்டதில் இடது புருவம் கரைந்துவிட்டது. அழுகையே வந்துவிட்டது.

முகம்_வரைபவன் (மார்ச் 2, இரவு 11.00)

அழாதீர்கள் தங்கச்சி, புருவம் பத்து நிமிட வேலை. தைலம் சாயத்தைக் கரைக்கும், பிளாஸ்டிக்கையும் இளக்கும். பூச்சிக்குப் பயந்து பொம்மைப் பெட்டியில் தைலத் துணி வைக்கிறவர்களும் உண்டு, வேண்டாம். பாச்சை உருண்டையும் வேண்டாம். வசம்புத் துண்டு போதும்.

கறைக்கு முகப்பரு மருந்து, பென்சாயில் பெராக்சைடு உள்ள களிம்பு. கறை மேல் மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். தினமும் பாருங்கள், கறுப்பு நிற உடம்பில் கூடுதல் நாள் விட்டால் அந்த இடம் வெளுத்துவிடும். சேலைக்கு உள்ளே மறையும் இடம் என்றால் நான் தொடாமலே விடுவேன்.

தையல்பெட்டி (மார்ச் 3, காலை 9.15)

கரும்பச்சை, கருநீலம், அரக்கு, கறுப்பு, இந்த நாலும் சாயம் விடும். வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்து, வெள்ளை வெள்ளையாகவே இருந்தால்தான் கட்ட வேண்டும். அதற்குப் பிறகும் உடம்புக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய வெள்ளை லைனிங் ஒன்று இருக்கட்டும். இதை முதலிலேயே சொல்லாதது என் தப்பு.

பூட்ஸுக்கும் இதே எச்சரிக்கை. கறுப்பு ரப்பர் நேரடியாகப் பாதத்தில் பட்டால் கறை நிச்சயம். பாதத்துக்குச் சமையலறை ஒட்டுத்தாள் சுற்றிவிட்டு அதன்மேல் செய்யுங்கள்.

கூடலூர்_மழை (மார்ச் 20, இரவு 9.45)

கறை பாதி போனது, மீதியை விட்டுவிட்டேன். அதன்மேல் லைனிங் வந்துவிட்டது.

சேலையை மரப்பாச்சி அம்மா சொன்ன ஈரப்பட்டியின் மேல் செருகினேன். அசையவே இல்லை. 92 சென்டிமீட்டர் முழுவதும் சுற்றினால் மூட்டையாகத்தான் இருந்தது, 74க்கு வெட்டி மூன்றே கொசுவம் வைத்தேன். விறைத்து நின்றதைப் படியவைக்க ஈரமாக்கி, நூலால் உடம்போடு சுற்றிக் கட்டி, இரண்டு நாள் அடுப்படியில் நிற்க வைத்தேன். கஞ்சி போடவில்லை. மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும் என்று தெரியும்.

பூட்ஸ் சைக்கிள் ட்யூபில். பை பழைய கொசுவலையில். படங்குக்குத் தோட்டத்துச் சாக்கிலிருந்தே ஒரு துண்டு எடுத்தேன். சாக்கு இழை பொம்மைக்குக் கயிறு மாதிரி இருந்தது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, கல்லில் அடித்து அடித்து, பாதி இழையை உருவிவிட்டேன். இப்போது மடிகிறது. சாக்கு வாசனை மட்டும் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

கொடை_கம்பளி (மார்ச் 21, காலை 8.00)

இழையை உருவியது நல்ல வேலை! நானும் இதுவரை மெல்லிய சாக்கு எங்கே கிடைக்கும் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

கூடலூர்_மழை (ஜூன் 9, இரவு 11.10)

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ஊரிலிருந்து எழுதுகிறேன். வெளியே நல்ல மழை.

இன்று சாயங்காலம் அம்மா கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுப்பு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைத்துண்டின் முடிச்சை அவிழ்த்து, காது மூடும்படி இறக்கி மறுபடி கட்டினார். படங்கைத் தொட்டு மோந்து பார்த்தார். பையில் கொழுந்து இல்லை என்றார். அப்புறம் நான் சொன்ன மாதிரியே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஸ்வெட்டரைப் பார்த்தார். அதன் ஓரத்தை நகத்தால் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "ஏம்மா, ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறே, எனக்கு எங்கே?"

அக்கா, பருமன் ஏறும் என்று ரவிக்கையை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது தைத்தாக வேண்டும். ஸ்வெட்டர் ஏற்கனவே இறுக்கம். எப்படி வெட்டுவது?

தையல்பெட்டி (ஜூன் 9, இரவு 11.25)

டாட் என்கிற பிடிப்புத் தையல் வேண்டாம், லைனிங் வேண்டாம். நைந்த மல் துணியைக் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டுங்கள், உடம்போடு இழுத்துக்கொள்ளும். பக்கத் தையல் போடும் முன்னால் கையை வைத்துத் தைத்துவிடுங்கள், பிறகு ஊசி நுழையாது. தையலுக்கு மூன்று மில்லிமீட்டர் விட்டால் போதும், ஓரத்தில் நிறமில்லா நகப்பூச்சைத் தொட்டு வைத்தால் பிரியாது. முன்பக்கம் ஹூக் வேண்டாம், மெல்லிய நூலில் இரண்டு கண்ணி போட்டு முடிந்துவிடலாம். போடும்போது பொம்மை கையில் பிளாஸ்டிக் உறை சுற்றிக்கொள்ளுங்கள், விரல் மாட்டாது. துணி அம்மாவின் பழைய ரவிக்கையாகவே இருக்கட்டும். அக்குள் பக்கம் நைந்திருக்கும், முதுகுப் பக்கம் எடுங்கள்.